சிகாகோவும் காட்டுப் பூண்டும்

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது 1893ஆம் ஆண்டும் விவேகானந்தரின் உரையும்தான். இலக்கியம் படிப்பவர்கள், சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் அங்கேதான் பேராசிரியராக இருந்தார் என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்த மாநகரத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு காட்டுச் செடி. நாம் சமைக்கும் வெங்காயம், பூண்டு இரண்டுக்கும் பங்காளி முறை. ஆனால் அது எந்தச் செடி என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. அதைத் தெளிய வைத்தது ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்த நாட்குறிப்பு. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனி ருசி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு சிற்றாறு. அதற்குச் சற்று மேற்கே இன்னோர் ஆறு; அது மிசிசிப்பியில் போய்ச் சேருகிற தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம் படகைத் தோளில் சுமந்து நடந்தால் போதும், வடக்கே உள்ள பெரிய ஏரிகளிலிருந்து தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை நீர்வழியாகவே போய்விடலாம். அங்கிருந்த பழங்குடிகளுக்கு இது வழக்கமான பாதை. 1673இல் ஜோலியே, பாதிரியார் மார்க்கெத் இருவரும் இந்த வழியாக வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் லா சால் எழுதியவற்றில் ‘ஷெக்காகு’ என்ற பெயர் தலைகாட்டுகிறது. பெயருக்கு என்ன பொருள் என்று அவர் விளக்கவில்லை.

விளக்கியவர் ஆன்ரி ஜூத்தேல். ரூவான் நகரத்துக்காரர். லா சாலின் கடைசிப் பயணத்தில் கூடப் போனவர். மிசிசிப்பியின் முகத்துவாரத்தைக் கடல் வழியாகத் தேடிப் போன அந்தக் கூட்டம் வழி தவறி டெக்சாஸ் கரையில் இறங்கியது. 1687 மார்ச்சில் லா சாலை அவருடைய ஆட்களே சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சிய சிலரோடு ஜூத்தேல் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, செப்டம்பரில் இல்லினாய் ஆற்றங்கரையில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து கனடா போக வேண்டுமானால் சிகாகோ வழியாகத்தான் போக வேண்டும். முதல் முறை பருவநிலை சரியில்லாமல் திரும்பிவிட்டார்கள். குளிர்காலத்தைக் கோட்டையில் கழித்துவிட்டு, 1688 மார்ச் கடைசியில் மறுபடி வந்தார்கள். கையில் இருந்த சாப்பாடு குறைவு. மேப்பிள் மரத்துச் சாற்றைச் சோளத்தோடு சேர்த்துச் சாப்பிட்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நாட்குறிப்பில்தான் செடியும் வருகிறது. இந்தப் பகுதிக் காடுகளில் பூண்டு நிறைய முளைப்பதால் இவ்விடத்துக்கு இந்தப் பெயர் வந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்கிறார். செடியைப் பார்த்து அடையாளமும் சொல்கிறார்: பிரான்சுப் பூண்டைவிட இலை அகலம், நீளம் குறைவு, காரமும் சற்றுக் குறைவு, ருசி பூண்டுக்கு நெருக்கம், வெங்காயம் போல இல்லை. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க அவரால் முடிந்ததில் வியப்பில்லை. அவருடைய தகப்பனார் லா சால் குடும்பத்தில் தோட்டக்காரராக இருந்தவர்.

பிரெஞ்சில் பூண்டு ‘ஆய்’, வெங்காயம் ‘ஒன்யோன்’. இரண்டையும் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஜூத்தேல் எழுதியது ‘ஆய்’. ஆனால் பின்னால் வந்தவர்கள் ‘காட்டு வெங்காயம்’ என்று பொதுவாகச் சொல்லி, அந்த வட்டாரத்தின் புல்வெளிகளில் பூக்கும் வேறொரு செடியைக் காட்டினார்கள். அதற்கு ஒடுங்கிய, புல் போன்ற இலை. தலை கவிழ்ந்த இளஞ்சிவப்புப் பூ. பார்க்க அழகுதான். ஆனால் அது இருப்பது திறந்த வெளியில், ஜூத்தேல் பார்த்தது காட்டுக்குள்.

வேறு விளக்கங்களும் கிளம்பின. ‘வலிமை மிக்கது’ என்று பொருள் சொன்னவர்கள் உண்டு. சிகாகு என்ற தலைவனின் பெயர் என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு தலைவர் இருந்தது உண்மைதான். 1725இல் பாரிஸ் போய் 15ஆம் லூயி மன்னரைச் சந்தித்தவர். அவரோடு போனவர்கள் அங்கே ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் ராமோ தம் புகழ்பெற்ற இசைத்துண்டு ஒன்றை அமைத்தார். ஆனால் தேதியைப் பாருங்கள். ஊர்ப்பெயர் அதற்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் ஏறிவிட்டது. கோப்பு பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும். பிற்பாடு எழுதிய பத்துக் குறிப்புகளைவிட, நேரில் பார்த்தவர் அப்போதே எழுதிய ஒரு குறிப்புக்கு எடை அதிகம்.

ஜான் ஸ்வென்சன் என்பவர் இந்தப் பழைய பிரெஞ்சு ஆவணங்களை எல்லாம் திரும்பப் படித்து, 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். அல்லியம் டிரைகாக்கம் என்ற காட்டுப் பூண்டுதான் அது என்று அவர் நிறுவினார். ஆங்கிலத்தில் ‘ராம்ப்’, கெபெக் பிரெஞ்சில் ‘ஆய் தே புவா’, அதாவது காட்டுப் பூண்டு. மியாமி-இல்லினாய் மொழியில் ‘ஷிகாக்வா’. ஸ்கங்க் என்ற விலங்குக்கும் அதே சொல்தான். கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு போட்ட அது, பயந்தால் நாற்ற நீரைப் பீய்ச்சும். மணத்தை வைத்துச் செடிக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

அந்த மொழி பேசியவர்கள் தங்கள் நிலத்திலிருந்து மேற்கே துரத்தப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதைத் தாய்மொழியாகப் பேச ஒருவரும் இல்லை. ஆனால் ஏசு சபைப் பாதிரிமார் எழுதி வைத்த அகராதிகள் தப்பிப் பிழைத்தன. அவற்றின் துணையோடு, ஒஹையோவில் உள்ள மியாமி பல்கலைக்கழகத்தில் அந்த இனத்தவர்கள் தங்கள் மொழியை மீண்டும் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். மதம் பரப்ப எழுதிய ஏடு, மொழியைப் பறிகொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமாகியிருக்கிறது.

செடியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மரங்கள் தளிர்த்து நிழல் மூடுவதற்கு முன், வசந்தத்தில் சில வாரங்கள்தான் அதற்கு வெயில். சிறிய மஞ்சள் இலை போல இரண்டு மூன்று இலை விட்டு, கிழங்கில் சத்தைச் சேர்த்துக்கொண்டு, இலை வாடிவிடும். கோடையில் வெறும் தண்டில் பூ. விதையிலிருந்து வளர்ந்து பூக்க ஏழு ஆண்டுகள்கூட ஆகும். நம் பூண்டு போல நட்டு நான்கைந்து மாதத்தில் எடுக்கும் பயிரல்ல. கிழங்கோடு பிடுங்கி விற்றதில் கெபெக் காடுகளில் அது வேகமாகக் குறைந்தது. 1995இல் அங்கே விற்பனையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சொந்த உபயோகத்துக்கு ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 50 கிழங்குதான்.

இன்று நம் வீடுகளில் பலருடைய பிள்ளைகள் சிகாகோவில் இருக்கிறார்கள். ஏப்ரலில் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், உயரமான கட்டடங்களைப் பார்த்து முடித்த பிறகு, நகரத்தைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். மரத்தடியில் அகல இலையோடு அந்தச் செடி கண்ணில் படலாம். பிடுங்க மட்டும் வேண்டாம். அங்கே அதற்கு அனுமதி இல்லை.