நோர்ட்டன்பிரிட்ஜ் அணை

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் கொங்கிரீட் அணை. இதன் நீர்த்தேக்கத்தை விமலசுரேந்திர நீர்த்தேக்கம் என்றும் சொல்வார்கள். உயரம் 30 மீட்டரை எட்டாது. நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். லக்ஷபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டமாக 1950இல் இயங்கத் தொடங்கியது.

அந்த 1950ஐ எட்டத்தான் எத்தனை தடைகள்! பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளின் சரிவில் நாட்டுக்கே போதிய மின்சாரம் இருக்கிறது என்று 1918இலேயே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை சமர்ப்பித்து வாதிட்டார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோனது. சோர்ந்துவிடாத அவர், 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இதற்காகவே பேசினார். மின்சாரம் பாய்ந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது, 1953இல் காலமானார்.

இந்த அணையில் தேங்குவது சொற்ப நீர்தான். மின்பிறப்பாக்கிகள் முழுவேகத்தில் சுழன்றால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனாலும் அது சுரங்கத்திலும் குழாய்களிலும் நானூறு மீட்டருக்கு மேல் இறங்கிப் பழைய லக்ஷபான மின் நிலையத்தின் சுழலிகளை அடைவதால், சுமார் 50 மெகாவாட் கிடைக்கிறது. நீரின் அளவைவிட அது விழும் உயரமே இங்கு பெரிய செல்வம்.

மேலே காசல்ரீ நீர்த்தேக்கம் வந்த பிறகு அணையின் வேலை மாறியது. 1965 முதல், காசல்ரீயில் சேமித்த நீர் விமலசுரேந்திர மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு நோர்ட்டனுக்கு வருகிறது. பழைய லக்ஷபானவில் மீண்டும் உழைக்கிறது. மஸ்கெலி ஓயாவின் நீரோடு சேர்ந்து பொல்பிட்டியவில் மூன்றாம் முறையும் மின்சாரம் தருகிறது. மாலையில் வீடுதோறும் விளக்கெரியும் நேரத்தில் மின்தேவை சட்டென ஏறும். அப்போது நிமிடங்களில் உற்பத்தியைக் கூட்ட நீர்மின் நிலையங்களால் முடியும். பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்த வேகம் வராது. ஆகவே மின்சார சபைக்கு இந்தச் சிறு தேக்கம் இரு மின் நிலையங்களுக்கு இடையே நாளாந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் இடம். தென்மேல் பருவமழை வலுத்தால் தேக்கம் விரைவில் நிரம்பி வழியும், வான்கதவுகள் திறக்கும், தாழ்நிலத்தவர்க்கு எச்சரிக்கை போகும்.

இவ்வணைகளைச் சுற்றியிருப்பவை தேயிலைத் தோட்டங்கள். மஸ்கெலி ஓயாவின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. அப்படி இடம் கொடுத்த மலையகத்தில், உயர் அழுத்த மின்கம்பிகள் தோட்டங்களைக் கடந்து கொழும்புக்குச் சென்ற பின்பும், தோட்டத் தொழிலாளரின் பல லயன் அறைகளில் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.