வீட்டுப் புரொஜெக்டர்களும் அவற்றைப் பழுதுபார்ப்போரும்

பள்ளி விடுமுறையில் வீட்டைத் துப்புரவு செய்யும்போது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தாத்தா காலத்துப் புரொஜெக்டர் ஒன்றும் இரண்டு மூன்று படச்சுருள்களும் வெளிப்படுவதுண்டு. பலரும் உடனே கருவியை மின்னிணைப்பில் செருகி, சுருளை மாட்டி, ஓடுகிறதா என்று பார்க்கவே விரும்புவர். அன்புகூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம். ஏன் என்பதற்கு இக்கருவிகளின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

திரையரங்குகளில் ஓடிய பழைய 35 மி.மீ. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதை வீட்டிற்குள் கொண்டுவருவது ஆபத்து. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. அகலமுள்ள படத்தையும் அதற்கான சிறு புரொஜெக்டரையும் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கோடாக் 16 மி.மீ. படத்தை அறிமுகப்படுத்தியது. இரண்டும் எளிதில் தீப்பற்றாத அசிடேட்டால் ஆனவை. கேமரா, புரொஜெக்டர், திரை முதலியன அடங்கிய கோடாக் தொகுதியின் அன்றைய விலை 335 டாலர். செல்வந்தர்க்கே கட்டுப்படியான தொகை அது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932இல், அதே நிறுவனம் 8 மி.மீ. படத்தைக் கொண்டுவந்து செலவைக் குறைத்தது. 1965இல் சூப்பர் 8 வந்தது. 50 அடி நீளப் படத்தைப் பெட்டியோடு கேமராவினுள் நுழைத்தால் போதும். அடிக்கு 72 படச்சட்டம் வீதம் 3,600 சட்டங்கள். நொடிக்கு 18 என ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி.

இவற்றிலெல்லாம் பெரும்பாலும் பயன்பட்டது ‘ரிவர்சல்’ முறைப் படம். கேமராவினுள் சென்ற சுருளே, வேதிக் குளியல்களுக்குப் பின் நேர்ப்படமாக மாறி வீடு திரும்பும். நெகட்டிவ் என்று தனியாக ஒன்று இராது. ஆகவே, உங்கள் கையிலுள்ள சுருள் பெரும்பாலும் உலகிலேயே ஒரே படி. பழுதான புரொஜெக்டர் அதைக் கிழித்துவிட்டால், பாட்டியின் திருமணக் காட்சியை வேறெங்கும் தேடிப் பெற இயலாது.

கருவி எவ்வாறு கிழிக்கும்? சினிமாப் படம் தொடர்ந்து ஓடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நின்று நின்று நகர்கிறது. சிறிய கொக்கி ஒன்று படத்தின் ஓரத்துளையில் நுழைந்து ஒரு சட்டத்தைக் கீழே இழுத்து, விலகி, மீண்டும் மேலேறும். அது இழுக்கும் நேரத்தில் இதழ்கள் கொண்ட சுழல்தகடு ஒளியை மறைக்கும். மூன்று இதழ் உள்ள தகடானால் நொடிக்கு 18 சட்டம் 54 ஒளித்துடிப்புகளாகக் கண்ணில் விழுவதால் மினுக்கம் தெரிவதில்லை. 1895இல் லூமியேர் சகோதரர்கள் இக்கொக்கியை அமைத்தபோது, தையல் இயந்திரம் துணியை நிறுத்தி நிறுத்தி நகர்த்தும் விதமே வழிகாட்டியாக இருந்தது என்பது திரைப்பட வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. கொக்கி தேய்ந்திருந்தாலோ, வாயிலில் அழுக்குப் படிந்து படம் இறுகினாலோ, துளைகள் வரிசையாகக் கிழிபடும். படம் நின்றுவிட்டால் விளக்கின் வெப்பம் அச்சட்டத்தைப் பொசுக்கிவிடும்.

நம் நாட்டில் இக்கருவியைக் கண்டவர்களுள் பலர் அதை வீட்டில் கண்டவர்கள் அல்லர். 1946இல் தொடங்கப்பட்ட மலாயா ஃபிலிம் யூனிட் தமிழ் உட்படப் பல மொழிகளில் விளக்கவுரையோடு படங்களைத் தயாரித்தது. தகவல் துறையின் நடமாடும் வண்டிகள் அவற்றைக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றன. திடலில் திரை கட்டி 16 மி.மீ. படம் காட்டியதை நம் மூத்தோர் இன்றும் சொல்வர். பள்ளிகளும் கல்லூரிகளும் பயன்படுத்தியதும் 16 மி.மீ. கருவியே. நான் பயின்ற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கருவியறையில் ஒன்று உறையிட்டு வைக்கப்பட்டிருந்தது. அது ஓடி நான் பார்த்ததில்லை.

இனி, பழுதுக்கு வருவோம். 1920களிலும் 30களிலும் வந்த புரொஜெக்டர்கள் பெரும்பாலும் உலோகத்தாலானவை. எண்ணெய் விடும் துளைகள் வெளியிலேயே இருக்கும். எங்கே எத்தனை சொட்டு என்பதைக் கையேடு சொல்லும். பின்னர் விலை குறைய வேண்டும், எடை குறைய வேண்டும் என்ற போட்டியில் இரப்பர் வாரும் நெகிழிப் பற்சக்கரமும் உள்ளே நுழைந்தன. விளைவு விந்தையானது: தொண்ணூறு ஆண்டுக் கருவியைத் துடைத்து எண்ணெயிட்டால் ஓடக்கூடும்; ஐம்பது ஆண்டுக் கருவி ஓட மறுக்கும். பள்ளிகளில் பரவலாக இருந்த பெல் அண்ட் ஹோவல் 16 மி.மீ. கருவிகளில், திருகுவடிவ நெகிழிப் பற்சக்கரம் காலப்போக்கில் தானாகவே வெடித்துவிடுவது பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்த குறை. 1970களின் சில சூப்பர் 8 கருவிகளில் வார் உருகிக் கருந்தாராக ஒட்டிக்கிடக்கும். பழைய மசகோ மெழுகாக உறைந்திருக்கும். அந்நிலையில் மோட்டாரை இயக்கினால் வலுவற்ற பற்களே முதலில் உடையும்.

உதிரிப்பாகம் தர நிறுவனமாவது இருக்கிறதா? 1919இல் வியன்னாவில் பிறந்த ஒய்மிக் 1970களில் புரொஜெக்டர் உற்பத்தியில் உலகின் முன்னணியில் நின்றது. போலராய்டு 1977இல் வெளியிட்ட உடனடித் திரைப்பட முறையான போலாவிஷனுக்குக் கருவிகள் செய்யும் பொறுப்பையும் ஏற்றது. வீடியோ நாடா அப்போதே சந்தைக்கு வந்துவிட்டிருந்தது. போலாவிஷன் இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஒய்மிக்கும் நொடித்துப்போனது. ஜப்பானின் நகோயாவில் 1921இல் தோன்றிய எல்மோ வேறு வழி கண்டது. நம் வகுப்பறைகளில் நூலைத் திரையில் காட்டும் ஆவணக் கேமராக்களில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய பெயர் அதுதான். ஆனால் பழைய சூப்பர் 8 கருவிக்கு அங்கே பாகம் கேட்டுப் பயனில்லை.

ஆகவே இன்று இப்பணி தனியாள் பட்டறைகளில்தான் நடக்கிறது. வாருக்குப் பாலியூரித்தேன் கயிற்றை அளவாக வெட்டி, முனைகளைச் சூடாக்கி ஒட்டுகின்றனர். பற்சக்கரத்தைப் பித்தளையில் கடைகின்றனர். முப்பரிமாண அச்சிலும் எடுக்கின்றனர். நம்மூரில் புரொஜெக்டர் வல்லுநர் கிடைக்காவிடில், தையல் இயந்திரமோ தட்டச்சுப்பொறியோ பழுதுபார்க்கும் முதியவரை நாடலாம் என்பது என் கருத்து. உறைந்த மசகைக் கரைத்து, நுண்ணிய எந்திரத்தைப் பொறுமையுடன் விடுவிக்கும் கை அவர்களுக்கு உண்டு. கொக்கியின் பூர்வீகமும் அவர்களுக்கு உறவுதானே!

கொடுக்குமுன் கருவியின் பின்புறத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் ஜப்பானின் உள்நாட்டுக் கருவி 100 வோல்ட்டுக்கும் உரியதாக இருக்கலாம். நம் மின்சாரத்தில் நேரே செருகினால் தீய்ந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும் சிக்கல் முழுமையாகத் தீராது. 60 ஹெர்ட்ஸ் மின்னலைவைச் சார்ந்து சுழலும் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். 18 சட்டம் ஓட வேண்டிய இடத்தில் 15தான் ஓடும். விளக்கில் பொறித்துள்ள குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈஎஃப்பி என்றிருந்தால் அது 12 வோல்ட், 100 வாட் ஹாலஜன் விளக்கு, இன்றும் கிடைக்கும். பழைய 500 வாட் விளக்குகளைத் தேடுவது கடினம். பழைய மின்தேக்கிகள் புகைந்து வெடிப்பதுண்டு. அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

கருவி திரும்பிவந்ததும் குடும்பப் படத்தை மாட்டாதீர்கள். பயனற்ற பழைய சுருள் ஒன்றை முழுதாக ஓட்டி, கீறல் விழுகிறதா, துளை சிதைகிறதா என்று பாருங்கள். சாதாரண 8 மி.மீ. படமும் சூப்பர் 8 படமும் அகலத்தில் ஒன்றே, துளைகளோ வேறு. ஒன்றை மற்றதற்குரிய கருவியில் ஓட்டினால் துளைகள் சிதைந்துபோகும்.

சுருளை முகர்ந்தும் பாருங்கள். புளிக்காடி வாசம் வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்துபவை. அத்தகைய படம் சுருங்கும். சுருக்கம் ஒரு விழுக்காட்டை நெருங்கினால் எவ்வளவு நன்றாகச் செப்பனிட்ட கருவியிலும் ஓட்டக் கூடாது. கொக்கியின்றிப் படத்தை நகர்த்தும் ஸ்கேனரில் நகலெடுப்பதே வழி. 2003இல் அமெரிக்கக் காப்பகத்தார் தொடங்கிய ‘ஹோம் மூவி டே’ நிகழ்வுகளில், மக்கள் கொண்டுவரும் சுருளை முதலில் மேசைமேல் விரித்துச் சோதித்து, ஒட்டுகளைச் சரிசெய்த பிறகே திரையிடுகின்றனர்.

படச்சுருள் மட்டும் இன்னும் உற்பத்தியாகிறது. நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் ரிவர்சல் படத்தைக் கோடாக் 2018இல் சூப்பர் 8 அளவில் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் திரையில் ஓட்டுவதற்கு, பெரிய நிறுவனம் எதுவும் இன்று புரொஜெக்டர் செய்வதில்லை. புதிதாக எடுத்த படத்தையும் அரை நூற்றாண்டுப் பழைய கருவியில்தான் மாட்ட வேண்டும்.