வெளிச்சம் திறக்கும் பூட்டு

கடைகளில் பற்றுச்சீட்டு எழுதும்போது காபன் தாள் இல்லாமலேயே அடித்தாளிலும் எழுத்து பதிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1950களில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், நஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பெரட் கிரீன் என்பவரும் அவரது சகாக்களும் கண்டுபிடித்தது அது. மேல்தாளின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு கூடுகள். கூட்டின் சுவர் ஜெலட்டின், உள்ளே நிறமில்லாத சாயம். பேனை அழுத்தினால் கூடு உடையும், சாயம் அடித்தாளின் பூச்சில் பட்டு நீலமாகும்.

ஒரு பொருளைக் கூட்டுக்குள் அடைக்க அப்போதே வழி தெரிந்துவிட்டது. ஆனால் நாம் விரும்பும் இடத்தில், விரும்பும் நேரத்தில் அதை எப்படித் திறப்பது? உடலுக்குள் போன மருந்துக் கூட்டைப் பேனையால் அழுத்த முடியாதே! தொடாமல் திறக்கும் சாவி ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சாவி வெளிச்சம்.

இதற்கான மூலக்கூறு எப்போதோ கையில் இருந்தது. 1834இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் மிட்செர்லிக் அசோபென்சீனைத் தயாரித்தார். நூறு வருடங்களுக்குப் பிறகு, பிரித்தானியாவில் ஜி. எஸ். ஹார்ட்லி அதன் கரைதிறனை அளந்தபோது, வாசிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அவர் காரணத்தைத் தேடினார். கரைசலில் வெளிச்சம் பட்டதும் நேராக இருந்த மூலக்கூறு வளைந்துவிடுகிறது! 1937இல் அதை வெளியிட்டார்.

பின்வந்தவர்கள் அந்த மூலக்கூறை நுண்கூடுகளின் சுவருக்குள் வைத்தார்கள். ஊதாக்கடந்த கதிர் பட்டால் மூலக்கூறு வளையும், சுவர் தளரும், உள்ளே இருப்பது கசியும். நீல ஒளி பட்டால், அல்லது இருட்டில் நேரம் போனால், மூலக்கூறு மீண்டும் நிமிரும். ஆனாலும் ஊதாக்கடந்த கதிர் தசைக்குள் ஆழமாகப் போகாது, கலங்களுக்கும் கேடு. அதனால் ஆழமாக ஊடுருவும் செந்நிற, செங்கீழ்க் கதிர்களுக்குத் திறக்கும் கூடுகளை இப்போது ஆய்வுகூடங்களில் தேடுகிறார்கள்.

ஆசிரிய நண்பர்களே, நாங்கள் இதை எழுதுவதற்குக் காரணம் ஹார்ட்லியின் அந்தப் பொருந்தாத வாசிப்புகள்தான். எங்கள் பிள்ளைகள் செய்முறையில் வாசிப்பு பிழைத்தால் அதை அழித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ள பெறுமானத்தை எழுதுகிறார்கள். புள்ளியும் கிடைக்கிறது. ஹார்ட்லியும் அப்படி அழித்திருந்தால் அந்தச் சாவி இன்னும் எத்தனை காலம் மறைந்து கிடந்திருக்குமோ!

பொருந்தாத வாசிப்பை அப்படியே எழுதி, "ஏன்?" என்று பக்கத்தில் குறித்து வைக்கும் பிள்ளைக்கும் புள்ளி கொடுப்போம்.