கிண்டக் கிண்ட வரும் போர்

2023 ஜூன் மாதக் கடைசியில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1984இல் குடிமக்கள் துரத்தப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்ப வந்து குடியேறிய ஊர் அது. பைப் தண்ணீர் என்பது அங்கே சின்ன விஷயமில்லை. ஆனால் பெக்கோ இயந்திரம் அள்ளிய மண்ணோடு எலும்பும் துணியும் வந்தன. வேலை நின்றது. பொலிஸ் வந்தது, பிறகு நீதவான் வந்தார். விட்டுவிட்டு நடந்த அகழ்வு 2024 ஜூலையில் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் கணக்கில் ஏறியிருந்தன. கூடக் கிடைத்த சீருடைத் துணிகளைப் பார்த்தால் விடுதலைப் புலிகள் அணியில் இருந்தவர்கள். பெண்களும் அவர்களில் உண்டு.

மன்னாரில் 2018இல் பழைய சதொசக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மண் எடுத்தபோது எலும்புகள் வந்தன. மாத்தளையில் 2012 கடைசியில் ஆஸ்பத்திரி வளவில் உயிரிவாயுத் தொட்டிக்குக் குழி வெட்டும்போது வந்தன. செம்மணியில் 2025 பெப்ரவரியில் சுடலையில் தகனமேடைக்கான வேலையின்போது வந்தன. இவற்றில் எதையும் ஒருவரும் தேடிப் போய்க் கண்டெடுக்கவில்லை. இலங்கையில் மனிதப் புதைகுழிகளைக் கண்டுபிடித்துத் தந்தவர்கள் ஆணைக்குழுக்களைவிட மேசன்மாரும் பெக்கோ சாரதிமாரும்தான்.

2009 மே 18இல் நந்திக்கடல் ஓரத்தில் போர் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000 வரை போகலாம் என்றது. மேலே தெரியும் அடையாளங்களை மறைப்பது லேசு. ஏ-9 வீதிக்குக் கார்ப்பெட் போட்டாயிற்று, யாழ்தேவி ரயில் ஓடுகிறது, தலையில்லாமல் நின்ற பனைகளுக்குக் கீழே வடலிகள் எழும்பிவிட்டன. மண்ணுக்குள் போனவைதான் பிரச்சினை. வடக்கில் ஒரு தலைமுறை தன் வாழ்க்கையில் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் ஒளித்து வைத்திருந்தது.

பங்கர் வெட்டத் தெரியாத வீடு அங்கே கிடையாது. வளவுக்குள் ஆள் உயரத்துக்குக் குழி. அதற்கு மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடினால் செல்லுக்கு ஓரளவு தாங்கும். இரண்டு தரப்பு முன்னரங்குகளும் அதே பனங்குற்றியால்தான் எழுந்தன. யாழ்ப்பாணத்துப் பனைகள் குறைந்ததற்குச் செல்லடி மட்டும் காரணமில்லை. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் பனையும் கிடைக்கவில்லை, சாக்கும் கிடைக்கவில்லை. கடற்கரை மணலில் குழி வெட்டினால் பக்கம் இடிந்து விழும். பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்துப் பையாக்கி மணல் நிரப்பினார்கள். கூறைச் சேலையும் போனது. போர் முடிந்த பின் அந்த நிலத்தைப் படம் எடுத்தவர்களின் படங்களில் முதலில் கண்ணில் படுவது இந்த நிறங்கள்தான்: சாம்பல் மணலில் சிவப்பும் பச்சையும் சரிகையுமாகக் கிழிந்து கிடந்த மூட்டைகள்.

இடம்பெயரும்போது கொண்டுபோக முடியாததையும் புதைத்தார்கள். தையல் மெசின், பாத்திரம், மோட்டார் சைக்கிள், காணி உறுதி வைத்த பெட்டி எல்லாம் பொலித்தீன் சுற்றி மண்ணுக்குள் போயின. போர் முடிந்ததும் அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமிலிருந்து விடுபட்டு ஊருக்கு வந்தவர்கள் முதலில் செய்த வேலை, வேலியோரம் எந்த மரத்தடி என்று நினைவுபடுத்தி மண்வெட்டி போட்டதுதான். ஆனால் எல்லா இடத்திலும் மண்வெட்டி போட விடவில்லை.

முகமாலையில் வெகுகாலம் விடவே இல்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் கையில் விழுந்ததும் இராணுவம் பின்வாங்கி, கிளாலியிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் வரை குடாநாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டது. எதிரே புலிகளும் கோடு போட்டார்கள். 2002 சமாதான காலத்தில் அந்த இடத்தில்தான் இரண்டு பக்கச் சோதனைச் சாவடிகளும் இருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி, பொதியைத் திறந்து காட்டி, புலிகளுக்கு வரி கட்டிப் போன காலம் பலருக்கு நினைவிருக்கும். 2006 ஆகஸ்டில் மறுபடி சண்டை தொடங்கியது. 2008 நவம்பரில் இராணுவம் அந்தக் கோட்டைத் தாண்டும் வரை ஒவ்வொரு தரப்பும் மற்றவரைத் தடுக்க மிதிவெடி விதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் பாகிஸ்தானில் செய்த பி-4, மறுபக்கம் புலிகளே செய்த ஜொனி. உலகின் மிக நெருக்கமான மிதிவெடி வயல்களில் ஒன்றாக முகமாலை பேசப்படுவது இப்படித்தான்.

அங்கே மிதிவெடி அகற்றுபவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் புருஷனை இழந்தவர்களும் புருஷனுக்குக் கால் போனவர்களும் அவர்களில் உண்டு. கனமான கவச அங்கி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. வெயிலில் முழந்தாளிட்டபடி ஒரு ஒடுங்கிய பாதையை அங்குலம் அங்குலமாகத் திறந்துகொண்டு போவார்கள். பிளாஸ்டிக் வெடியில் உலோகம் மிகக் குறைவு, சண்டை நடந்த மண்ணில் ரவைக்கோதும் செல் துண்டும் ஏராளம். உலோகத்தைத் தேடும் கருவி எல்லாவற்றுக்கும் கத்தும். அதனால் இலங்கையில் வேறொரு முறை உருவானது: நீண்ட பிடி போட்ட வாரியால் மேல்மண்ணை மெல்ல மெல்ல இழுத்து வெடியை வெளியே எடுப்பது. இளகிய மணற்பாங்கான மண்ணுக்கு அது பொருந்தியது. தோட்டத்தில் சருகு கூட்டும் ஆயுதம் கடைசியில் போரைக் கூட்டி அள்ளவும் வந்தது.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் நாடு முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்பது அதன் கெடு. துப்புரவாக்கிய துண்டுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பிடுங்குவார்கள். அதற்கு அப்பால் பத்தடியில் இன்னொரு பலகை நிற்கும். வெடி எடுக்கும்போது சில இடங்களில் பதுங்குகுழிக்குள் சீருடையோடு எலும்புக்கூடும் வந்திருக்கிறது. அப்போது வாரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நீதவானுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

புதைத்தவர்கள் பெயர் எழுதி, வரிசையாக, அழகாகப் புதைத்த இடங்களும் இருந்தன. சைவக் குடும்பங்களில் இறந்தவரைச் சுடுவதுதான் வழக்கம். புலிகள் 1990களின் தொடக்கத்தில் அதை மாற்றி, இறந்த தங்கள் போராளிகளைத் துயிலும் இல்லங்களில் அடக்கம் செய்தார்கள். கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் கதை ஒன்றே போதும். யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் இராணுவம் அதை உடைத்தது. 2002க்குப் பிறகு புலிகள் திருப்பிக் கட்டினார்கள். பிறகு அது மறுபடி உடைபட்டது. 2011 மார்ச்சில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. மகனைப் புதைத்த தாய் விளக்கேற்ற வேண்டுமானால் முகாம் வாசலுக்கு வெளியே வீதியோரம்தான் ஏற்ற வேண்டும். மற்ற இடங்களில் புல்டோசர் போட்டு நிரவிவிட்டார்கள். 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரத்தில் மக்கள் பற்றை வெட்டி உள்ளே போய், நொறுங்கிய கல்லறைத் துண்டுகளைக் கூட்டிக் குவித்து, அந்தக் குவியலுக்கு விளக்கு வைத்தார்கள். எந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல முடியாது. புலிகளின் அரசியல் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், செத்தவனின் கல்லறையை உடைப்பதால் அவனை மறக்கடிக்கலாம் என்று எந்த ஆலோசகர் சொன்னாரோ தெரியவில்லை. உடைத்த பிறகுதான் கூட்டம் கூடியது.

செம்மணியின் கதை வேறு மாதிரி. அங்கே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது நீதிமன்றத்தில் சொல்லப்பட்டே 25 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1996 செப்டம்பரில், உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய ஒரு மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தபோது, குற்றவாளிகளில் ஒருவரான லான்ஸ் கோப்ரல், இந்த நான்கு பேர் மட்டுமில்லை, 300, 400 பேர் செம்மணியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், இடத்தைக் காட்டுகிறேன் என்றார். 1999இல் தோண்டினார்கள். 15 எலும்புக்கூடுகள் வந்தன. அதோடு கோப்பு மூடிக்கொண்டது. ஏ-9 வழியாக யாழ்ப்பாண நகருக்குள் நுழையும் ஒவ்வொரு பஸ்ஸும் அந்த வெளியைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. யன்னலோரம் இருந்தவர்களுக்கு அது என்ன இடம் என்று தெரியும், யாரும் கதைப்பதில்லை.

தகனமேடை வேலையின்போது எலும்பு வந்த, அருகிலுள்ள அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நீதிமன்ற உத்தரவோடு அகழ்வு தொடங்கியபோது பலர் எண்ணியது 15ஐப் போல இன்னொரு சின்ன எண்ணிக்கை. செப்டம்பரில் இரண்டாம் கட்டம் முடியும்போது அது 200ஐத் தாண்டியிருந்தது. எலும்புகள் ஆழத்தில்கூட இல்லை. ஒரு சின்ன எலும்புக்கூட்டின் அருகே நீலநிறப் பள்ளிப்பை இருந்தது, யுனிசெப் கொடுக்கும் வகை. விளையாட்டுப் பொம்மை, குழந்தைக்குப் பால் கொடுக்கும் போத்தல், காப்பு. ஆகஸ்ட் மாதம் அந்தப் பொருள்களைப் பொதுமக்கள் அடையாளம் காட்டுவதற்காகப் பரப்பி வைத்தார்கள். 1996இல் பிள்ளையைத் தொலைத்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில். கண் மங்கியவர்கள் குனிந்து குனிந்து துணி பார்த்தார்கள்.

மண் எப்போதும் எதிர்பார்த்த விடையைத் தருவதும் இல்லை. மன்னாரில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த கார்பன் காலக்கணிப்பு அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. அப்படியானால் போர்த்துக்கேயர் காலம் அல்லது அதற்கும் முன். காத்திருந்த குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. ஒருவேளை ஆய்வுகூடம் சொன்னதே சரியாக இருக்கலாம். ஆனால் ஆள் கடத்திய வெள்ளை வானுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு அரச முத்திரையோடு வரும் எந்தக் காகிதத்தையும் நம்பப் பழக்கமில்லை. அந்த அவநம்பிக்கையும் போரின் மிச்சம்தான்.

இது தமிழர் பிரதேசத்தின் சங்கதி மட்டும் என்று நினைப்பவர்களுக்கு மாத்தளை இருக்கிறது. அங்கே எடுக்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட எச்சங்கள் 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தவை என்றே சிங்களக் குடும்பங்கள் நம்பின. அங்கும் காலக்கணிப்பில் முரண்பாடு, அங்கும் விசாரணை தேங்கியது. அதே ஜே.வி.பி.யின் தலைவர் 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். தன் தோழர்களைக் குழியில் இழந்த கட்சி செம்மணியை எப்படிக் கையாளும் என்று வடக்கு பார்த்துக்கொண்டிருப்பதில் நியாயம் உண்டு.

எலும்பும் வராதவர்களின் நிலை இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத்துச் சைவ வழக்கப்படி இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி. கீரிமலைக்குப் போய்க் கிரியை செய்து, கடலில் குளித்து வர வேண்டும்; பிறகு ஆண்டுக்கொரு திவசம். நாள் தெரியாதவருக்கு எந்தத் திதியில் செய்வது? செய்தால் அவன் செத்தான் என்று தாயே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதனால் பலர் செய்யவில்லை. பொட்டை அழிக்காத மனைவியரும் அதே காரணத்தால்தான் அழிக்கவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் கொட்டகை போட்டுப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெருப்பித்து லெமினேட் பண்ணி மடியில் வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்யலாம் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். தாய்மார் கேட்டது சான்றிதழை இல்லை. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தோமோ அவர் என்ன செய்தார் என்பதை. கொட்டகையில் இருந்தவர்களில் பலர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள்.

அரசு ஆர்வத்தோடு திறந்த, தோண்டிய இடங்களும் உண்டு. போர் முடிந்ததும் புதுக்குடியிருப்புக் காட்டில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தார்கள், படி இறங்கிப் படம் பிடித்தார்கள். 2013 அக்டோபரில் இராணுவம் அதை வெடி வைத்துத் தகர்த்தது. பிறகு வந்தது புலிகளின் தங்கம் பற்றிய வதந்தி. முல்லைத்தீவில் அதற்கென அடிக்கடி குழி தோண்டுகிறார்கள்: நீதிமன்ற அனுமதி, பொலிஸ், கிராம அலுவலர், பெக்கோ, சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் சனம். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் ஊறும், மூடிவிட்டுப் போவார்கள். எலும்புக் குழிக்கு மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் நிதி மதிப்பீடு தாமதமாகும்.

உண்மையில் எல்லாத் தங்கமும் மண்ணுக்குள் இருக்கவில்லை. 2025 மே மாதம் இராணுவம் ஆயிரக்கணக்கான நகைகளைப் பொலிஸிடம் ஒப்படைத்தது. போரின் கடைசிக் கட்டத்தில் கைப்பற்றியவை. புலிகள் நடத்திய வங்கியிலும் அடகுக் கடைகளிலும் வன்னி மக்கள் வைத்த தாலிக்கொடி, தோடு, சங்கிலி. 16 ஆண்டு இராணுவத்திடமே இருந்திருக்கின்றன. உரியவர்களிடம் கொடுக்கப்படும் என்று சொன்னார்கள். அடகுச் சீட்டைக் கேட்டால் எடுத்துக் காட்ட முள்ளிவாய்க்கால் தாண்டி வந்தவர்களில் எத்தனை பேரிடம் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை.