ஞானஸ்நானம் இன்றும் அவசியமா: பலாங்கொடைத் தோட்டப் பகுதி

ஞானஸ்நானம் கிறிஸ்தவ சபைக்குள் ஒருவரைச் சேர்க்கும் நீர்ச்சடங்கு. கத்தோலிக்கர் இதைத் திருமுழுக்கு என்பர். இன்றைய கிறிஸ்தவருக்கும் இது கட்டாயந்தானா என்று இறையியலார் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்துப் பலாங்கொடையைச் சூழ்ந்த பெட்டியாகலை, ராசகலை முதலிய தேயிலைத் தோட்டங்களில் அதே வழக்கு வேறு உருவில் நடக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் ஊற்றிய தண்ணீர் போதுமா, வளர்ந்து விசுவாசித்தபின் முழுகி எழ வேண்டுமா என்பதே லயங்களில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில்) கேட்கும் கேள்வி. தண்ணீரே வேண்டாம் என்போர் மிகச் சிலர். ஆனாலும் அந்தச் சிலருள் ஒரு சபை இம்மாகாணத்துக்குப் பழையது.

தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடும் இந்துக்கள். கிறிஸ்தவர் சிறுபான்மையினர், அவர்களும் பல சபைகளாகப் பிரிந்திருக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரிடையே புரட்டஸ்தாந்து ஊழியத்தை முறைப்படுத்தியது 1854இல் தோட்டத்துரைமாரின் பண உதவியோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் அதன் முதுகெலும்பு. ஆங்கிலிக்கன் முறைப்படி அவர்கள் சேர்த்த குடும்பங்களில் குழந்தைக்கு ஞானஸ்நானமும் பின்னர் ஆயரின் கையால் திடப்படுத்தலும் வழக்கமாயின. கத்தோலிக்கர் வரலாறு இன்னும் பின்னே செல்கிறது. 1687இல் இலங்கைக்கு வந்து, 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஜோசப் வாஸ் அடிகள் கண்டி இராச்சியத்துக்குள் இருந்த சபரகமுவையிலும் பணிபுரிந்தார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கான தனி மறைமாவட்டம் 1995இல் அமைந்தது.

ஞானஸ்நானம் அரசாங்கத் தேவையாகவும் இருந்த காலம் ஒன்றுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் (1658–1796) அவர்கள் கைவசமிருந்த கரையோரப் பகுதிகளில் பாடசாலைத் தோம்பில் (பதிவேட்டில்) பெயர் ஏறவும், திருமணம் பதியவும், உத்தியோகம் பெறவும் அது வேண்டியிருந்தது. ஆட்சி மாறியதும் அந்தக் கிறிஸ்தவர்களிற் பெரும்பகுதியினர் கோவிலுக்கும் விகாரைக்கும் திரும்பினர். சடங்கு நடந்துவிட்டால் விசுவாசமும் வந்துவிடும் என்ற கணக்கு பிழைத்ததற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. பிரித்தானியர் காலத்து மிஷன் பாடசாலைகளில் அப்படிக் கட்டாயம் இருக்கவில்லை. பலாங்கொடையில் வளர்ந்த சிறிமாவோ ரத்வத்தை (பிற்காலத்துப் பிரதமர் பண்டாரநாயக்க) 1923இல் இரத்தினபுரி பெர்குசன் பாடசாலையிலும் பின்னர் கொழும்பில் கன்னியர் மடத்துப் பாடசாலையிலும் படித்தார். கடைசிவரை பௌத்தராகவே இருந்தார்.

வேத ஆதாரங்கள்

அவசியம் என்போர் முதலில் காட்டுவது மத்தேயு 28:19. உயிர்த்த இயேசு சீடருக்கு இட்ட கட்டளை அது. பெந்தெகொஸ்தே நாளில் மனந்திரும்புதலோடு பேதுரு அதைச் சேர்த்துச் சொன்னதும் (அப்போஸ்தலர் 2:38), நீரினாலும் ஆவியினாலும் பிறப்பதைப் பற்றிய யோவான் 3:5உம் அடுத்து வரும். மறுப்போர் சிலுவையில் தொங்கிய கள்வனை நினைவூட்டுவர். அவன் எந்தத் தண்ணீரையும் காணவில்லை. கொரிந்து சபையில் தாம் ஞானஸ்நானம் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிய பவுல், சுவிசேஷம் சொல்லவே தாம் அனுப்பப்பட்டதாக எழுதுவதும் (1 கொரிந்தியர் 1:14–17) அவர்களுக்குப் பலம்.

இந்த மறுப்பை ஒரு முழு முறையாக வளர்த்தவர்களுள் ஆங்கில வேத அறிஞர் புல்லிங்கர் (1837–1913) முக்கியமானவர். அப்போஸ்தலர் நடபடிகளின் காலம் இஸ்ரவேலுக்குரிய இடைக்காலம் என்றும், பவுலின் சிறையிருப்பு நிருபங்களிலேயே இன்றைய சபைக்கான போதனை உள்ளது என்றும் இவ்வழியினர் கொள்கின்றனர். எபேசியர் 4:5 சொல்லும் ஒரே ஞானஸ்நானம் ஆவியினாலானது, ஆகவே தண்ணீர் முடிந்துபோனது என்பது அவர்கள் முடிவு. இதற்கு எதிரே நிற்பது நூற்றுக்கதிபதி கொர்நேலியுவின் வீட்டு நிகழ்ச்சி (அப்போஸ்தலர் 10). அங்கே ஆவி முதலில் இறங்கியது. அதன்பிறகும் பேதுரு தண்ணீரைக் கேட்டார். ஆவி வந்தால் நீர் தேவையில்லை என்ற வாதம் இந்த ஒரு அதிகாரத்தைத் தாண்டுவது கடினம்.

சபைகளின் நிலை

கத்தோலிக்க சபை அவசியம் என்பதை 1547இல் திரெந்து சங்கத்தில் விதியாகவே எழுதியது. ஆனால் அதற்குள் வாசல்கள் உண்டு. முழுக்குப் பெறுமுன் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தியவரும், அதைப் பெறும் ஆவலோடு இறந்தவரும் இரட்சிப்பை இழப்பதில்லை. முழுக்குப் பெறாது இறக்கும் சிசுக்களுக்கும் நம்பிக்கை கொள்ள இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007இல் கூறியது. உயிர் போகும் தறுவாயில், குரு வரமுடியாதபோது, சரியான நோக்கத்தோடு தண்ணீர் ஊற்றித் திரித்துவத்தின் பெயரைச் சொல்லி எவரும் முழுக்களிக்கலாம். அவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தொலைவான தோட்டப் பிரிவுகளில், மழைக்குப் பாதை மறிபடும் மலைச்சரிவுகளில், இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்துவிட முடியாது.

இக்கேள்வி எழும் இன்னொரு இடம் கலப்பு மணம். தோட்டத்தில் இந்துப் பெண்ணைக் கத்தோலிக்க இளைஞன் கட்டும்போது அவள் முழுக்குப் பெற்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆயரின் விதிவிலக்குப் பெற்று மணம் நடத்தலாம். திருமணத்துக்காகவே தண்ணீரில் இறங்குவோர் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் குடும்பத்தின் வற்புறுத்தலே. சட்டம் அதைக் கேட்பதில்லை.

பப்டிஸ்தர் இலங்கையில் 1812இல் ஊழியம் தொடங்கியவர்கள். இரத்தினபுரியும் அவர்களது பழைய நிலையங்களுள் ஒன்று. விசுவாசிக்கத் தெரிந்தவனுக்கே ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் அது இரட்சிப்பைக் கொடுப்பதில்லை, இரட்சிக்கப்பட்டவன் காட்டும் கீழ்ப்படிதல் என்பர்.

இலங்கையில் 1920களில் எழுந்த பெந்தெகொஸ்தே இயக்கம் முழுக்கைத் தோட்டங்களில் சண்டைப் பொருளாக்கியது. கேரளத்திலிருந்து வந்த பாஸ்டர் பால் முதலியோர் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் கடல்கடந்து, இன்று சென்னை தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. இத்தகைய சபைகளில் குழந்தைத் தெளிப்பு ஞானஸ்நானமாகவே எண்ணப்படுவதில்லை. ஆங்கிலிக்கன் அல்லது கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஜெபக்கூட்டத்துக்குப் போய் ஓயாவிலோ (ஆற்றிலோ) சபைத் தொட்டியிலோ முழுகி எழும்போது, தாங்கள் செய்ததைச் செல்லாக்காசாக்கிவிட்டதாகப் பெற்றோர் நோகின்றனர். பழைய சபைகள் அதை மறுஞானஸ்நானம் என்று கண்டிக்கும். பெந்தெகொஸ்தேயினர் அதுவே முதலாவது என்பர்.

தண்ணீரை விட்டுவிட்ட சபை இரட்சணிய சேனை. அதன் நிறுவனர் வில்லியம் பூத் 1883 ஜனவரியில் ஞானஸ்நானம் உள்ளிட்ட திருவருட்சாதனங்களைக் கைவிடும் முடிவை அறிவித்தார். அதே மாதத்தில் சேனை இலங்கையில் ஊழியத்தைத் தொடங்கியது. ஆகவே இந்நாட்டுச் சேனைக்கு ஞானஸ்நானத்தோடு பழகிய காலமே இல்லை எனலாம். சபரகமுவையில் கேகாலை மாவட்டத்து இரம்புக்கனைப் பகுதியில் அது வேர்விட்டது. குழந்தைகளைக் கொடியின்கீழ் பிரதிஷ்டை செய்வர். பெரியவர்கள் கொடியின்கீழ் உறுதிமொழி எடுத்துச் சேனைவீரராவர். ஞானஸ்நானம் தவறு என்று சேனை சொல்வதில்லை. வேறு சபையில் பெற விரும்பும் வீரரைத் தடுப்பதுமில்லை. ஏழைகளுக்குச் சோறும் வைத்தியமும் கொண்டுசென்ற ஒரு சபையைப் பார்த்து, தண்ணீர் இல்லாததால் நீங்கள் கிறிஸ்தவரல்லர் என்று சொல்ல மற்ற சபைகளுக்கு வாய் வந்ததில்லை. என்றாலும் சேனையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வருபவர் புதிதாகத் திருமுழுக்குப் பெறவேண்டும். மெதடிஸ்தராயின் அது வேண்டாம். உரிய முறைப்படி அங்கே பெற்றது செல்லும்.

சபைக்கு வெளியே நிற்போர்

இயேசுவை வணங்கிக்கொண்டே ஞானஸ்நானத்தைத் தவிர்ப்போர் தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னையில் கந்தசாமி செட்டியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்து சமூகத்துக்குள் இருந்தபடியே கிறிஸ்துவைப் பின்பற்றப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். 1970களின் தொடக்கத்தில் இந்திய இறையியலார் எம். எம். தாமஸும் சென்னைப் பேராயர் லெஸ்லி நியூபிகினும் இதையே விவாதித்தனர். கிறிஸ்துவை மையமாகக் கொண்ட உறவு மதச் சமூக எல்லையைக் கடந்தும் இருக்கலாம் என்றார் தாமஸ். கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகம் இல்லாமல் விசுவாசம் நிலைக்காது என்பது நியூபிகின் பக்கம்.

இந்தியாவில் இந்த வழக்குக்குப் பொருளாதாரக் கனமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித்துக்கு அட்டவணைச் சாதித் தகுதி போய்விடும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரது குழந்தைப்பருவ ஞானஸ்நானத்தையும் தேவாலய வழிபாட்டையும் சான்றாக எடுத்து அத்தகுதியை மறுத்தது. இலங்கையில் அத்தகைய சட்டம் இல்லை. அதனால் தோட்டத்து இந்து ஒருவர் முழுக்குப் பெறத் தயங்கினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் உறவினர், கோவில் திருவிழா, கல்யாணச் சம்பந்தம் என்பவையே.

இலங்கைச் சபைகள் ஞானஸ்நானம் பற்றிய தம் வேறுபாட்டை ஒரு கூரையின்கீழ் கொண்டுவர ஒருமுறை முயன்றன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளும் யாழ்ப்பாணத்துத் தென்னிந்திய திருச்சபையும் ஒன்றாகும் லங்கா சபைத் திட்டம் குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டையும் சம மாற்றுகளாக ஏற்றது. பெற்றோர் விரும்பியதைத் தெரிவு செய்யலாம். நீதிமன்றத் தடையால் 1972இல் அத்திட்டம் நின்றுபோனது.