சிப்பியைத் திறவாமல்



மன்னார்க் கரையின் முத்துச் சலாபங்களைப் பற்றி நூல்களிற் படித்திருப்பீர்கள். 1906ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நிகழ்ந்த சலாபத்திலே, குளியாளர் கொணர்ந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. ஒன்று குளியாளருக்கு, இரண்டு அரசினருக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர் எவரும் உள்ளே முத்து உண்டோ இல்லையோ அறியார். சிப்பியைத் திறந்தாலன்றி உண்மை புலப்படாது.

அக்காலத்தில் ஒரு பெண்ணின் அடிவயிற்றில் தோன்றும் கட்டியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. வைத்தியர் கையால் அழுத்திப் பார்ப்பார். ஐயம் தீராவிடின் வயிற்றைக் கீறியே பார்ப்பார்.

இந்நிலையை மாற்றிய வழியும் கடலிலிருந்தே வந்தது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, பிரெஞ்சு அறிஞர் போல் லான்ஷவென் செவிக்கெட்டா ஒலியை நீருள் அனுப்பி, அதன் எதிரொலியை ஆராய்ந்தார். கிளாஸ்கோப் பல்கலைக்கழக மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட் 1955இல், அறுத்தெடுத்த கட்டிகளை ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று, உலோகத்தின் வெடிப்பைக் காணும் கருவியால் சோதித்தார். நீர்க்கட்டியும் நார்க்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன.

பின்னர், தீராத இரைப்பைப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு மாதின் வயிற்றை அவர் ஆராய்ந்தார். திரையிலே தெரிந்தது நீர் நிறைந்த பை. சூலகத்து நீர்க்கட்டியாகிய அதனை அகற்றவே, அம்மாது பிழைத்தார். டொனால்டும் துணைவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தது.

இன்று ஸ்கான் அறிக்கையில் 'கட்டி' என்ற சொல்லைக் கண்டதும் பலர் கலங்குகின்றனர். அச்சொல் புற்றுநோயைக் குறிப்பதன்று. நீரினூடே ஒலி தடையின்றிச் செல்வதால் நீர்க்கட்டி கருமையாகத் தெரியும். திண்மையான நார்க்கட்டி எதிரொலி தரும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதுவே உள்ளே நோக்கும் பலகணியாகும். மாதவிலக்குள்ள பெண்களின் சிறிய, எளிய நீர்க்கட்டிகள் பல சில மாதங்களில் தாமே மறையும். சுவர் தடித்திருத்தல், உள்ளே திண்மையான பகுதி, வயிற்றில் நீர் சேர்தல், மாதவிலக்கு நின்றபின் தோன்றுதல் ஆகியவையே மேலும் ஆராயத்தக்கன.

மீனவரின் ஆழமானி நிழலைக் காட்டும். மீனின் பெயரை வலையே சொல்லும். அவ்வாறே கட்டியின் இயல்பை முடிவாக உரைப்பது சில வேளைகளில் இழையச் சோதனையே. ஆதலின் அறிக்கையை மட்டும் படித்து அஞ்சாது, வைத்தியரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள். திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் கண்டால் மட்டும் சற்றும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.