மலேசியக் கல்வியில் மொழிகள் நடந்த வழி



கல்விக்கூடத்தில் ஒரு மொழி மூன்று நிலைகளில் இடம்பெறலாம். எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் பயிற்றுமொழியாகலாம். அனைவரும் பயிலும் கட்டாயப் பாடமாகலாம். விரும்புவோர் மட்டும் பயிலும் விருப்பப் பாடமாகலாம். நம் நாட்டு மொழிக்கல்வியின் வரலாறு இம்மூன்று நிலைகளுக்கிடையே மொழிகள் இடம்பெயர்ந்த வரலாறே ஆகும்.

1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை மலேசியத் தமிழ்க்கல்வியின் தோற்றுவாயாகக் கொள்வது மரபு. பின்னர் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வழிசெய்தது. ஜொகூரிலும் தோட்டங்களை ஒட்டியே தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன. ஆயினும் அவை தொடக்கக்கல்வியோடு நின்றன. அலுவலகப் பணிக்கும் உயர்கல்விக்கும் ஆங்கிலப் பள்ளியே வாயிலாக இருந்தது.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் பயிற்றுமொழியாக நீடித்தது. இடைநிலைப் பள்ளியிலோ ஒரு பாடமாக மட்டுமே நின்றது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளும் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாயின. ஆங்கிலம் பயிற்றுமொழி என்னும் நிலையிலிருந்து இறங்கியது. எனினும் கட்டாயப் பாடமாக நிலைத்ததால் அதன் செல்வாக்குக் குன்றவில்லை.

அயல்மொழிகளுக்கு வருவோம். 1982இல் அறிவிக்கப்பட்ட கிழக்கை நோக்கும் கொள்கையை அடுத்து, 1984இல் உறைவிடப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி பாடமாயிற்று. பள்ளியில் பயின்றோர் அம்மொழியைத் தொடர்ந்து கற்று ஜப்பானியப் பல்கலைக்கழகம் செல்லவும் வழி அமைக்கப்பட்டது. இந்நாட்டில் அதற்கெனப் பெரிய சமுதாயம் இல்லை. ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற வழி இருந்தது.

தமிழுக்கோ மேற்படி முன்னரே அமைந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை உருவானபோது, அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியையும் திரட்டினார். அத்துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.

ஆக, தமிழுக்குக் கீழ்ப்படியும் உண்டு, மேற்படியும் உண்டு. தளர்ந்திருப்பது நடுப்படியே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். அன்று தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள். இன்று இடைநிலைப் பள்ளியில் பதினைந்து பெற்றோர். எண்ணிக்கையே இரு காலத்தும் வாயிற்காவலன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அன்று பிள்ளைகள் இருந்தாலே போதும், இன்று பெற்றோர் கேட்கவும் வேண்டும்.

கோத்தா திங்கி போல மக்கள் பரந்து வாழும் மாவட்டத்தில் இது சிறு செய்தியன்று. ஒரு பள்ளியில் பதினான்கு பேர் மட்டுமே கேட்டால், படிவம் ஒன்றில் அறுபடும் மொழி எஸ்.பி.எம். தேர்வை எட்டாது; பல்கலைக்கழகத்தையும் எட்டாது. ஆறாம் ஆண்டு மாணவரை வழியனுப்பும் ஆசிரியர், அவர்தம் பெற்றோரிடம் இக்கோரிக்கையை நினைவூட்டுவாராக. படிவம் ஒன்றில் காலடி வைக்கும் மாணவரும் தமிழ் வகுப்பு வேண்டுமெனத் தயங்காது கேட்பாராக. பல்கலைக்கழகத் துறையின் நாளைய மாணவர் அவ்வகுப்பிலிருந்தே வர வேண்டும்.